பியானோ ஸ்டூலிலிருந்து கண்டக்டர் மேடை வரை: புதிதாக வருபவர்களுக்கு

பியானோ நன்றாக வாசிக்கும் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பார்கள்: "பியானிஸ்ட் ஆகட்டுமா, கம்போசர் ஆகட்டுமா, கண்டக்டர் ஆகட்டுமா?" பியானோ வாசிப்பது, இசை எழுதுவது, குழுவைக் கையசைத்து நடத்துவது, மூன்றும் வேண்டும் என்றுதான் மனதில் இருக்கும், வெளியே சொல்லக் கூச்சம். கூச்சப்பட இதில் ஒன்றுமே இல்லை. மேற்கத்திய செவ்வியல் இசையில் மூன்றும் ஒரே ஆளிடம் இருப்பது பழைய வழக்கம். மொசார்ட் வியன்னாவில் தன் கான்செர்ட்டோக்களை, அதாவது ஒரு தனிக்கருவிக்கும் குழுவுக்குமான உருப்படிகளை, தானே எழுதி, தானே வாசித்து, வாசித்தபடியே குழுவையும் நடத்தினார். இன்றைக்கு இங்கிலாந்தில் தாமஸ் அடெஸ், ஜார்ஜ் பெஞ்சமின், ரயன் விகிள்ஸ்வொர்த் போன்றவர்கள் மூன்றையும் செய்கிறார்கள். 1942-இல் புவனோஸ் ஐரிஸில் பிறந்த டேனியல் பேரன்பாய்ம் ஏழு வயதில் பியானிஸ்டாக மேடையேறி, பிறகு கண்டக்டராகவும் உலகம் சுற்றினார்.

எங்கே தொடங்குவது என்பதுதான் பலருக்குப் பிடிபடுவதில்லை. மூன்றுக்கும் சேர்த்து ஒரு வாசல் இருக்கிறது: மற்றவர்கள் பாடும்போதும் வாசிக்கும்போதும் பக்கவாத்தியமாகப் பியானோவில் உட்காருவது. அங்கே எப்படிப் போய்ச் சேருவது, அங்கிருந்து எப்படி மேலே ஏறுவது என்பதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். நம் ஊரில் ஆர்கெஸ்ட்ரா என்றால் மெல்லிசைக் குழு. இங்கே நான் அந்தச் சொல்லால் குறிப்பது சிம்பொனி வாசிக்கும் பெருங்குழுவை.

கருவியும் கிரேடும்

61 கட்டை கீபோர்டு முதல் சில மாதங்களுக்குப் போதும். அதற்கு மேல் 88 கட்டையும், விரலுக்கு எடை தெரியும் ஹாம்மர் வகை டிஜிட்டல் பியானோவும் வேண்டும். பழைய அப்ரைட் பியானோ வாங்குவதாக இருந்தால் ட்யூனரைக் கூட்டிக்கொண்டு போங்கள். கம்பி சுற்றியிருக்கும் முளைகள் இறுக்கமாக நிற்கின்றனவா என்று அவர் திருப்பிப் பார்த்துச் சொல்வார். அவை தளர்ந்துவிட்ட பியானோவில் சுருதி நிற்காது, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடற்காற்று அடிக்கும் ஊரில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை சுருதி சேர்க்க வேண்டியிருக்கும்.

இங்கிலாந்தின் இசைத் தேர்வு அமைப்புகளான ஏபிஆர்எஸ்எம், டிரினிட்டி இரண்டில் எந்தத் தேர்வு எழுதினாலும் எட்டு கிரேடு. ஏபிஆர்எஸ்எம்மில் ஆறாம் கிரேடுக்குப் போகுமுன் ஐந்தாம் கிரேடு தியரியோ அதற்கு ஈடான ஒரு தேர்வோ முடித்திருக்க வேண்டும். டிரினிட்டியில் அந்தக் கட்டாயம் இல்லை. எட்டுக்கு அப்புறம் டிப்ளமோக்கள் உண்டு. கிரேடு கெட்டது என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் வருஷம் முழுக்கத் தேர்வுக்கான மூன்று நான்கு உருப்படிகளை மட்டும் தேய்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை இந்தத் தொழிலுக்கு வர முடியாது. நமக்கு வேண்டியது, புதுத் தாளைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்கும் திறன். தினம் கால் மணி நேரம் அதற்கே ஒதுக்குங்கள். பார்டோக்கின் மிக்ரோகாஸ்மாஸில் எளிதிலிருந்து கடினம் வரை 153 துண்டுகள் இருக்கின்றன. அப்புறம் பாக்கின் இரண்டு குரல் இன்வென்ஷன்கள் பதினைந்து, பிறகு ஹைடன் சொனாட்டாக்கள். இந்தக் கால் மணி நேரத்தில் நிற்கக் கூடாது, தப்பைத் திருத்தத் திரும்பக் கூடாது. ஒரு கை விட்டுப்போனாலும் மற்றது ஓட வேண்டும். தாளம் போனால்தான் போச்சு.

காது

கர்நாடக சங்கீதம் கொஞ்சம் கற்றவர்களுக்கு இங்கே நல்ல முதலீடு இருக்கிறது. ஒரு ஸ்வரத்தைச் சட்ஜத்தோடு ஒப்பிட்டுக் கேட்கப் பழகிய காது அது. பழக வேண்டிய வித்தியாசம் ஒன்று உண்டு. நம் கச்சேரியில் தம்பூரா கடைசிவரை ஒரே சட்ஜத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். சொனாட்டாவிலோ சிம்பொனியிலோ அந்த ஆதாரமே இடம் மாறும், மாறி அலைந்துவிட்டு வீடு திரும்பும். அந்த இடமாற்றத்தைக் காது உடனே உணர்ந்தால்தான், எல்லாருடைய வரிகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும் ஸ்கோர் பாதியாவது புரியும்.

இதற்கு நான் கொடுக்கும் பயிற்சி பாக்கின் கோரல்கள், நான்கு குரலுக்கான தேவாலயப் பாடல்கள். நான்கு குரலில் ஒன்றைப் பாடிக்கொண்டு மற்ற மூன்றையும் பியானோவில் வாசியுங்கள். முதல் வாரம் மேல்குரலான சோப்ரானோவைப் பாடுங்கள், அது எளிது. மேலிருந்து மூன்றாவதான டெனர் வரிக்கு வரும்போது வியர்க்கும். ஒரு வருஷம் வாரம் இரண்டு கோரல் செய்தால், குழுவின் நடுவில் யார் தப்பு ஸ்வரம் வாசித்தார் என்று பெயர் சொல்லிக் காட்டும் காது வந்துவிடும்.

பக்கவாத்தியம்

சரி, இப்போது முக்கியமான இடம். சென்னையிலும் திருநெல்வேலிப் பக்கத்திலும் தேவாலயப் பாடகர் குழுக்கள் நிறைய. சென்னையின் மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் 1893-இலிருந்து இருக்கிறது. கே.எம். கன்சர்வேட்டரி போன்ற பள்ளிகளிலும் பாடகர் குழு உண்டு. அது தவிர, வயலினிலும் குரலிலும் கிரேடு எழுதும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தேர்வு நாளில் ஒரு பியானோக்காரர் வேண்டும். ஆள் கிடைக்காமல் ஆசிரியர்கள் தவித்துக்கொண்டிருப்பார்கள். போய், "நான் வாசிக்கிறேன்" என்று சொல்லுங்கள். முதல் வருஷம் காசைப் பார்க்காதீர்கள்.

அந்த ஸ்டூலில் உட்காரும்போது தனியாகப் பயிற்சி செய்யும் அறையில் ஒருநாளும் கிடைக்காதவை கிடைக்கும். பாடகர் மூச்சு எடுக்கும் நேரம், வயலின் வில் திரும்பும் நேரம், எட்டு சோப்ரானோக்கள் சேர்ந்து சுருதி இறங்கும் இடம், இதெல்லாம் கைக்குத் தெரிய ஆரம்பிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, நடத்துபவர் பக்கத்திலேயே இருக்கிறீர்கள். ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் மூன்று விஷயம் எழுதுங்கள்: அவர் எதைக் கேட்டு நிறுத்தினார், என்ன சொன்னார், சொன்ன பிறகு என்ன மாறியது. மூன்றாவது பத்தி காலியாகவே இருந்தால் அவர் சொன்ன விதத்தில் ஏதோ குறை. எப்படிச் சொல்லியிருந்தால் மாறியிருக்கும் என்று வீட்டுக்கு வந்து யோசியுங்கள். பத்து வருஷம் பாடகர் குழுக்களுக்கு வாசித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நடத்துவது பற்றி எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அந்த நோட்டிலிருந்து வந்தது.

நம் நாட்டுக் கண்டக்டர் சுபின் மேத்தா செய்ததும் இதைப் போன்றதுதான். பம்பாயில் மருத்துவப் படிப்புக்கான வகுப்பை விட்டுவிட்டு 1954-இல், 18 வயதில், வியன்னாவுக்குப் போனார். அங்கே ஹான்ஸ் ஸ்வரோவ்ஸ்கியிடம் கண்டக்டிங் படித்தார். புரூனோ வால்டர், கரயான் போன்ற பெரிய கண்டக்டர்களின் ஒத்திகையைப் பக்கத்தில் இருந்து பார்க்க ஆசை. வெளியாட்களை உள்ளே விடமாட்டார்கள். அவரும் உடன் படித்த கிளவுடியோ அபாடோவும் பாடகர் குழுவில் பாஸ் என்ற அடிக்குரலாகச் சேர்ந்துவிட்டார்கள்! பாடிக்கொண்டே, கண்டக்டரின் முகத்துக்கு நேராக நின்று பார்த்தார்கள். 1958-இல் லிவர்பூலில் நடந்த கண்டக்டர் போட்டியில் மேத்தா முதலிடம் பெற்றார்.

ஸ்கோரைப் படிப்பது

ஒரேயடியாக சிம்பொனி ஸ்கோரைத் திறக்காதீர்கள். ஹைடனின் ஸ்ட்ரிங் குவார்ட்டெட்களில் தொடங்குங்கள். நான்கே வரிதான், ஆனால் வியோலாவின் வரி ஆல்ட்டோ க்ளெஃபில், அதாவது பியானோக்காரர் பழகாத ஒரு குறியீட்டில், இருக்கும். அது பழக ஒரு மாதம் ஆகும். பியானோவில் முதலில் மேல்வரியும் அடிவரியும் மட்டும், பிறகு நடு வரிகளை ஒவ்வொன்றாகச் சேருங்கள்.

அடுத்தது, எழுதியிருப்பதும் ஒலிப்பதும் வேறாக இருக்கும் கருவிகள். பி ஃபிளாட் கிளாரினெட் எழுதியதைவிட ஒரு முழு ஸ்வரம் கீழே ஒலிக்கும். எஃப் ஹார்ன் ஐந்தாவது ஸ்வரத் தூரம் கீழே ஒலிக்கும். ஹார்ன்காரர் முன்னால் சி என்று எழுதியிருந்தால் உங்கள் காதில் விழுவது எஃப். இதை மனக்கணக்காகப் போடாமல் கண்ணும் விரலும் தானாகச் செய்யும் அளவுக்குப் பழக வேண்டும். பதிப்புரிமை முடிந்த ஸ்கோர்கள் ஐஎம்எஸ்எல்பி தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

முடிந்தால் ஒரு தந்திக் கருவியும் கற்றுக்கொள்ளுங்கள். மேத்தா வியன்னாவில் டபுள் பேஸ் என்ற, அடி ஸ்வரங்களை வாசிக்கும் பெரிய தந்திக் கருவியை வாசித்தவர். 2020-இல் இஸ்ரேல் ஃபில்ஹார்மோனிக்கில் அவருக்கு அடுத்து வந்த லஹாவ் ஷானி பியானிஸ்ட், அவரும் டபுள் பேஸ் படித்தவர். குழுவின் அடியில் நின்று வாசித்தவருக்கு, மேலே நடப்பது எல்லாம் எதன்மேல் நிற்கிறது என்று தெரியும்.

எழுதுவது

இருபது வயதில் பெருங்குழுவுக்கு முக்கால் மணி நேரச் சிம்பொனி எழுதும் ஆசை எல்லோருக்கும் வரும். எழுதலாம், வாசிக்கத்தான் ஆள் இருக்காது. வாசிக்கப்படாத ஸ்கோர் எதையும் கற்றுத்தராது. கைக்கு எட்டும் தூரத்தில் யார் இருக்கிறார்களோ அவர்களுக்கு எழுதுங்கள். ஒரு ஃப்ளூட்டும் ஒரு செல்லோவும் இருந்தால் அந்த இரண்டுக்கும் நான்கு நிமிஷம். அடுத்த வாரமே வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். எங்கே மூச்சு போதவில்லை, எந்த இடத்தில் விரல் சிக்குகிறது என்று அவர்களையே கேளுங்கள். ஜார்ஜ் பெஞ்சமின் பதினாறு வயதில் பாரிஸ் போய் கம்போசர் மெஸ்ஸியானிடம் படித்தவர். 1980-இல், இருபது வயதில், அவருடைய ஆர்கெஸ்ட்ரா இசை லண்டன் பிபிசி புராம்ஸ் இசை விழாவில் ஒலித்தது. அப்படி நடப்பது அபூர்வம். அதற்காகக் காத்திருந்து சின்ன வாய்ப்புகளை விட்டுவிடாதீர்கள்.

இசை எழுதும் மென்பொருளில் மியூஸ்ஸ்கோர் இலவசம், தொடக்கத்துக்குத் தாராளமாகப் போதும். டொரிக்கோ, சிபேலியஸ் இரண்டின் முழுப் பதிப்புகளும் காசு கொடுத்து வாங்குபவை. ஃபினாலே 2024-இல் நிறுத்தப்பட்டுவிட்டது, புதிதாக அதில் இறங்காதீர்கள். கணினி வாசித்துக் காட்டுவதை நம்ப வேண்டாம். அதில் ஃப்ளூட்டின் அடி ஸ்வரங்கள் டிரம்பெட்டை மீறித் தெளிவாகக் கேட்கும், நிஜத்தில் காணாமல் போய்விடும். கணினிக்கு மூச்சும் வாங்காது.

பார்ட், அதாவது ஒவ்வொருவரும் முன்னால் வைத்து வாசிக்கும் தனித் தாள், அதன் தயாரிப்பில் காட்டும் அக்கறை உங்கள் பெயரைக் காப்பாற்றும். ஒவ்வொரு வரித் தொடக்கத்திலும் பார் எண் (பார் என்பது இரண்டு கோடுகளுக்கு இடையில் வரும் ஒரு தாளச் சுற்று) இருக்க வேண்டும். ஒத்திகையில் "பி-யிலிருந்து" என்று சொல்லத் தோதாக எழுத்துக் குறிகள் வேண்டும். பக்கம் திருப்பும் இடத்தில் ஓய்வு விழ வேண்டும். நீண்ட ஓய்வுக்குப் பிறகு நுழைபவருக்கு, அதற்கு முன் யார் வாசிப்பார் என்ற குறிப்பைச் சின்ன எழுத்தில் தர வேண்டும். என் முதல் ஐவர் குழு உருப்படியில் கிளாரினெட் பார்ட்டைச் சுருதி மாற்றாமல் அப்படியே அச்சிட்டுக் கொடுத்துவிட்டேன். ஒரு மணி நேர ஒத்திகையில் இருபது நிமிஷம் அதிலேயே போனது. வந்தவர்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு எனக்காக வந்தவர்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு பார்ட்டையும் தனித்தனியாகப் பியானோவில் வாசித்துப் பார்க்காமல் யாருக்கும் கொடுப்பதில்லை.

முதல் சொந்தக் குழு

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. மொசார்ட் 1782-83-இல் வியன்னாவில் எழுதிய மூன்று பியானோ கான்செர்ட்டோக்கள் உண்டு: கே. 413, 414, 415 (கே. என்பது மொசார்ட் படைப்புகளின் பட்டியல் எண்). ஆர்கெஸ்ட்ரா இல்லாவிட்டால் நான்கு தந்திக் கருவிகளோடும் வாசிக்கலாம் என்று அவரே அறிவித்து விற்றார். ஆகவே இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ கிடைத்தால் நீங்கள் ஒரு கான்செர்ட்டோ நடத்தலாம். ஏ மேஜரில் இருக்கும் கே. 414-ஐ எடுங்கள். அதன் இரண்டாம் பகுதி, 1782-இல் இறந்துபோன யோஹான் கிறிஸ்டியன் பாக்கின் ஒரு மெட்டோடு தொடங்குகிறது. மொசார்ட் சிறுவனாக லண்டன் போயிருந்தபோது பழகிய பெரியவர் அவர். குழுவிடம் இந்த ஒரு விஷயத்தைச் சொன்னாலே அந்த மெட்டு வேறு மாதிரி வாசிக்கப்படும்.

பியானோ கிராண்டாக இருந்தால் மூடியைக் கழற்றிவிட்டு, நீங்கள் அவையோருக்கு முதுகு காட்டி, நால்வரும் உங்களைப் பார்க்கும்படி உட்காருங்கள். அப்ரைட் என்றால் சுவரிலிருந்து இழுத்து, அதன் தலைக்கு மேலாக எல்லோரும் உங்கள் முகத்தைப் பார்க்கும்படி திருப்பிப் போடுங்கள். தொடக்கத்தில் பியானோ வருமுன் தந்திகள் மட்டும் வாசிக்கும் நீண்ட பகுதி இருக்கிறது. அங்கே இரண்டு கையும் காலி, தைரியமாக நடத்துங்கள். பியானோ வந்த பிறகு கை கிடைக்காது. தலை, கண், மூச்சு இவைதான். நுழைவதற்கு ஒரு தாளம் முன்னால், வரப்போகும் காலப்பிரமாணத்திலேயே மூச்சை உள்ளே இழுங்கள். அவர்கள் சேர்ந்துவிடுவார்கள். நாலைந்து ஒத்திகை, ஒரு சின்ன அரங்கமோ தேவாலயக் கூடமோ போதும். அதே நிகழ்ச்சியில் இந்த நால்வருக்கும் உங்களுக்குமாக நீங்களே எழுதிய ஐந்து நிமிஷ உருப்படி ஒன்றையும் வையுங்கள். மூன்று வேலையும் ஒரே மாலையில் முடிந்தது.

கை

கண்ணாடி முன் நின்று இசைத்தட்டுக்குக் கை அசைப்பது கண்டக்டிங் இல்லை. அங்கே நீங்கள்தான் பின்னால் போகிறீர்கள். பாடிக்கொண்டே அசையுங்கள், இல்லையென்றால் நண்பர் ஒருவரைப் பியானோவில் உட்காரவைத்து, உங்கள் கை காட்டினால் மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள்.

நான்கு எண்ணிக்கைக்கு வலக்கை கீழே, இடப்பக்கம், வலப்பக்கம், மேலே. மூன்றுக்குக் கீழே, வலப்பக்கம், மேலே. இதை ஒரு நாளில் கற்றுவிடலாம். கடினம் எல்லாம் முதல் ஒலிக்கு முன்னால் வரும் அந்தத் தயார் அசைவில் இருக்கிறது. வேகம், பலம், குணம் மூன்றையும் அந்த ஒரே அசைவு சொல்லிவிட வேண்டும். பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனித் தொடக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கேட்பவருக்கு மூன்று குட்டை ஸ்வரம், ஒரு நீண்ட ஸ்வரம். தாளில் முதலில் இருப்பது ஓர் ஓய்வு, அதாவது எல்லோரும் சேர்ந்து நுழைய வேண்டியது தாளம் விழுந்த பிறகு. கை ஒருமுறை மேலே, ஒருமுறை கீழே, அந்த இரண்டுக்குள் வேகம் தெளிவாகாவிட்டால் குழு சிதறும். உடனே அடுத்த பாரில் நீட்டி நிறுத்தும் குறி. எவ்வளவு நேரம் பிடிப்பது, எப்படி விடுவது, விடும் அசைவே அடுத்த நுழைவுக்குத் தயாரிப்பாகுமா? இந்த ஐந்து பாரை மட்டும் ஒரு மாதம் செய்யலாம்.

இடக்கை வலக்கையின் நிழலாக ஆடக் கூடாது. தேவைப்படும் வரை சும்மா இருக்கட்டும். நுழைவு காட்டவும் பலத்தைக் கூட்டிக் குறைக்கவும் அது வேண்டும்.

இங்கேயே உடம்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பயிற்சியில் அரை மணிக்கு ஒருமுறை எழுந்திருங்கள். வலியோடு வாசிக்காதீர்கள், "பழகிவிடும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அமெரிக்க பியானிஸ்ட் லியான் ஃப்ளைஷருக்கு முப்பத்தாறாவது வயதில் வலக்கை விரல்கள் சுருண்டுபோய், பல பத்தாண்டுகள் இரண்டு கை இசையை வாசிக்க முடியாமல் போனது. அவர் இடக்கை உருப்படிகள், கண்டக்டிங், கற்பித்தல் என்று வாழ்க்கையை மாற்றிக்கொண்டார். பியானோ படித்துக்கொண்டிருந்த ஜப்பானியர் சேஜி ஓசாவா ரக்பி விளையாடி விரல் உடைந்த பிறகு கண்டக்டிங்குக்கு வந்தவர், 1959-இல் பிரான்ஸின் பெசன்சோன் போட்டியில் வென்றார். விரல்கள் முழுசாக இருக்கும்போதே மூன்றையும் கற்றுக்கொள்வது நல்லது.

வெளிநாட்டுப் படிப்பு

இந்தியாவில் முழுநேரத் தொழில்முறை சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா என்றால் 2006-இல் மும்பையில் தொடங்கிய சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியாதான். ஆகவே ஒரு கட்டத்தில் வெளியே போக வேண்டியிருக்கும்.

ஜெர்மனியிலும் வியன்னாவிலும் கண்டக்டிங்கை இளநிலையிலிருந்தே படிக்கலாம். நுழைவுத் தேர்வில் பியானோ, காது, ஸ்கோரைப் பியானோவில் வாசிப்பது எல்லாம் இருக்கும், மேலே சொன்ன பயிற்சிகள் அங்கேதான் கைகொடுக்கும். ஜெர்மன் மொழியும் வேண்டும். ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் நம்மைப் போன்ற ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ளவர்களுக்கு ஒரு செமஸ்டருக்கு 1,500 யூரோ உண்டு. ஜெர்மன் விசாவுக்காக முடக்கக் கணக்கில் (மாதாமாதம் கொஞ்சமாக மட்டுமே எடுக்க முடியும் வங்கிக் கணக்கு) காட்ட வேண்டிய தொகை 2024 செப்டம்பரில் வருஷத்துக்கு 11,904 யூரோ ஆனது. விண்ணப்பிக்கும் வருஷத்தில் தூதரகத் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தில் கண்டக்டிங் பெரும்பாலும் முதுநிலைப் படிப்பு. அங்கே பியானோ அல்லது கம்போசிங்கில் முதலில் சேருவார்கள். விண்ணப்பக் கடைசி நாள், சேரும் வருஷத்துக்கு முந்தின அக்டோபர் தொடக்கத்திலேயே வந்துவிடும், இதைத் தவறவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஃபிலடெல்ஃபியாவின் கர்ட்டிஸ் பள்ளியில் 1928-இலிருந்து யாரிடமும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. இடங்கள் மிக மிகக் குறைவு.

முதல் வேலை

போட்டிகள் ஒரு வழி. பாம்பெர்க்கின் மாலர் போட்டியில் 2004-இல் வென்றவர் குஸ்தாவோ டூடமெல், 2013-இல் லஹாவ் ஷானி. ஆனால் பத்து பேர் வெல்லும் போட்டிகளை நம்பி நூறு பேர் வாழ முடியாது. நான் பெரிதும் நம்பும் வழி, ஜெர்மன் மொழி நாடுகளின் ஓபரா அரங்குகள். பாடகர்களுக்குப் பியானோவில் பாடம் சொல்லிக்கொடுத்து ஒத்திகைக்கு வாசிப்பவரை ரெப்பெட்டிட்டோர் என்பார்கள். ஆர்கெஸ்ட்ரா முழுவதையும் பத்து விரலில் கொண்டுவர வேண்டும், வராத பாடகரின் வரியையும் பாடிக்காட்ட வேண்டும். அந்த ஸ்டூலிலிருந்து துணைக் கண்டக்டர், கபெல்மைஸ்டர் (அரங்கின் நிரந்தரக் கண்டக்டர்களில் ஒருவர்) என்று ஏறுவது அங்கே தலைமுறைகளாக நடந்துவருகிறது. நீங்கள் பதினேழு வயதில் தேவாலயக் கூடத்தில் செய்த அதே வேலைதான், இப்போது சம்பளத்தோடு.

துணைக் கண்டக்டராகச் சேர்ந்தால் அந்த வாரத்து ஸ்கோர் எல்லாம் தலைக்குள் இருக்க வேண்டும். 1943 நவம்பர் 14 அன்று நியூயார்க்கில் புரூனோ வால்டருக்கு உடம்பு சரியில்லாமல் போக, 25 வயதுத் துணைக் கண்டக்டர் லியோனார்ட் பெர்ன்ஸ்டைன் ஒத்திகை இல்லாமல் மேடையேறினார். நாடு முழுக்க வானொலியில் ஒலிபரப்பானது. அவரும் பியானிஸ்ட், கம்போசர்.

படிப்புக்கோ வேலைக்கோ போட்டிக்கோ, விண்ணப்பத்தோடு வீடியோ கேட்பார்கள். கேமராவை அவையோர் பக்கம் வைக்காதீர்கள், அதில் உங்கள் முதுகுதான் தெரியும். வாசிப்பவர்கள் நடுவில், உங்கள் முகமும் இரண்டு கையும் தெரியும்படி முக்காலியில் வையுங்கள். கச்சேரியை மட்டும் எடுக்காமல் ஒத்திகையில் ஒரு பத்து நிமிஷமும் எடுங்கள். நீங்கள் நிறுத்துவதும், சொல்வதும், சொன்ன பிறகு ஒலி மாறுவதும் அதில் வெட்டாமல் இருக்கட்டும். படம் எடுக்கப் போகிறோம் என்று வாசிப்பவர்களிடம் ஒரு வாரம் முன்பே கேட்டுச் சம்மதம் வாங்கிவிடுங்கள்.